வேலுவுக்கு வைத்த சிகரெட்

கோதண்டத்துக்குப் பதினைந்து வயது முடியவில்லை. ஆடி மாதம் ஆம்பூரில் வாந்திபேதி வந்து, அவன் அண்ணன் வேலுவை ஒரே பகலில் வாரிக்கொண்டு போனது. கருமாதி முடிந்த மறுநாளே, வேலு வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியின் மேஸ்திரி ஆள் அனுப்பினார். அண்ணன் நின்ற சுண்ணாம்புக் குழிக்கு இனித் தம்பி வரவேண்டுமாம். அவருக்குத் தெரிந்த இரக்கம் அவ்வளவுதான்.

முதல் நாள், ஊறிய தோலை மேலே இழுத்தபோது கிளம்பிய நாற்றத்தில் கோதண்டத்துக்குக் குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. மூன்று முறை வாந்தியெடுத்தான். பக்கத்துக் குழிக்காரன் தானியேல் தன் வாயிலிருந்த பீடியை எடுத்து நீட்டினான்.

“இழுடா. நாலு இழுப்பு இழுத்தா நாத்தம் தெரியாது. உங்கண்ணனும் இப்டித்தான் கத்துக்கினான்.”

இழுத்தான். இருமினான். கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் நாற்றம் கொஞ்சம் கம்மியானது நிஜம். ஒரு வாரம் போனதும் தானியேல், “தெனமும் ஓசில எவன்டா குடுப்பான்?” என்று கையை விரித்துவிட்டான். கோதண்டம் நயீம் அகமது பாய் கடைக்குப் போய் நின்றான். பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்கண்ணன் எனக்கு தோஸ்துடா. உனக்கு பீடி குடுத்துட்டு உங்கம்மா மூஞ்சில எப்டி முழிப்பேன்? ஓடு.”

அதே பாய்தான் புரட்டாசி அமாவாசையன்று அம்மாவுக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். கூலி வாங்குகிற சனிக்கிழமைகளில் வேலு பீடியை விட்டுவிட்டு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பான், துரை மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு. அம்மா பூவம்மாள் அதை மறக்கவில்லை. வடையும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்து, இலையோரம் சிகரெட்டையும் வைத்துப் படையல் போட்டாள். கற்பூரம் காட்டியதும், செத்தவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நிற்பது வழக்கம். அப்போது உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது.

கோதண்டம் கால் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் போய், பின்பக்கத் தட்டியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான். சிகரெட்டை விளக்கில் பற்றவைத்து அவசர அவசரமாக இழுத்தான். மிச்சத்தை இலையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். திருட்டுப் பயல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அன்று அவன் கண்ணில் சிகரெட்டைத் தவிர வேறெதுவும் படவில்லை.

கதவைத் திறந்த அம்மா புகை வாசனையில் அப்படியே நின்றாள்.

“வந்துட்டான்டி! எம்புள்ள வந்துட்டான்டி தனகோடி!”

மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆடியிலிருந்து வெறும் கஞ்சித் தண்ணியில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவள், அன்று படையல் சோற்றைப் போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டாள். கோதண்டத்தின் வாய்வரை உண்மை வந்துவிட்டது. அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்து, அதை விழுங்கிக்கொண்டான்.

அதற்கப்புறம் விட முடியுமா? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, மூன்று அமாவாசைக்கும் அவன்தான் வேலு. டேனரி நாற்றத்தில் அவன் வாய் வாசனை யாருக்குத் தெரியப்போகிறது? அம்மாவின் கன்னத்தில் சதை போட்டது. மறுபடி கூலி வேலைக்குப் போனாள். கோதண்டத்துக்குத்தான் தூக்கம் போய்விட்டது. கனவில் வேலு இலைக்கு முன்னால் உட்கார்ந்து அவனையே பார்த்தான். அண்ணன் நிஜமாகவே வந்திருந்தால்? தம்பி எச்சில் பண்ணிய சிகரெட் துண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தால்? குழியில் குனியும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. பயந்து செத்தான்.

தை அமாவாசையன்று ஒரு முடிவுக்கு வந்தான். சிகரெட் அண்ணனுக்கே இருக்கட்டும். அம்மா உடைந்துபோனால் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. கதவு சாத்தியதும் அம்மாவை ஒட்டி வாசலில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். எழுந்திருக்கவே இல்லை.

அம்மா கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து புகை வந்தது.

கோதண்டத்துக்கு மயிர்க்கால்களெல்லாம் குத்திட்டு நின்றன. பாதி எரிந்த சிகரெட் இலையில் கிடந்தது. அதன் நுனியில் இன்னும் நெருப்பு இருந்தது. “வந்துட்டியாடா வேலு,” என்று அம்மா இலைமுன் உட்கார்ந்துவிட்டாள். பின்பக்கத் தட்டி ஆடிக்கொண்டிருந்தது. அண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வெளியே ஓடினான்.

விறகுக் குவியலுக்குப் பின்னால் தனகோடி குந்தியிருந்தாள். பதின்மூன்று வயசு. பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல் இருமிக்கொண்டிருந்தாள். கண் சிவந்து நீர் வழிந்தது.

“இன்னாடி பண்ண?”

“மொத தடவலேர்ந்தே பாத்துக்கினுதான் இருக்கேன்,” என்றாள் மூச்சு வாங்கியபடி. “இன்னிக்கு நீ ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்துட்ட. அம்மா சாப்புடலன்னா இன்னா பண்றது?”

அடிக்க ஓங்கிய கை இறங்கிவிட்டது. பேய்க்குப் பயந்தவன், தங்கையின் வாயிலிருந்து வந்த அந்த வாசனைக்கு அதைவிடப் பயந்தான். உள்ளேயிருந்து அம்மா இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

“இனிமே நீ தொடக்கூடாது. மாசிக்கு நான் போறேன்.”

“அப்பறம்?”

“அப்பறமும் நான்தான். அம்மா இருக்கற வரிக்கும் நான்தான்.”

தனகோடி நம்பாமல் பார்த்தாள். கோதண்டம் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துகொடுத்தான்.