பின்னால் வந்த வேன்

"கடந்த பன்னிரண்டு மாதங்களில் இந்த வாகனம் விபத்து எதிலாவது சிக்கியதா? ஆம் எனில், தவறு யாருடையது?"

வேலாயுதம் இதைப் பட்டுப்புடவைக்கு முந்தானை விரித்துக் காட்டும் குரலில்தான் வாசித்தார். பெரிய காஞ்சிபுரத்து ஜவுளிக்கடை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் விற்பனையாளராக நின்றவருக்கு வேறு குரல் மிச்சமில்லை. அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொன்னால்கூட "இதுலயே இன்னும் ரெண்டு கலர் இருக்குதும்மா" என்று சேர்த்துக்கொள்வாரோ என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தோன்றும்.

எதிரே சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த சிட்டிபாபு, அந்தச் செவிலிமேட்டுத் தெருவின் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பாரம் திறந்திருந்த போன் அவனுடையது. வாசித்துப் பார்த்துச் சரி சொல்லட்டும் என்று வேலாயுதத்திடம் கொடுத்திருந்தான்.

"அதுல 'நம்ம மேல'ன்னு ஒரு டிக்கு போடுங்கண்ணா. க்ளெய்ம் எடுத்தது எப்பிடியும் தெரியும், போனஸ் போச்சு, அத வுடுங்க. பழைய பேப்பர்லயும் நம்ம மேலன்னுதான் இருக்குது. ரெண்டும் ஒண்ணா இருந்தா எவனும் எட்டிப் பாக்க மாட்டான். செவ்வாக்கிழமையோட பழைய பாலிசி முடியுது. புதன்கிழமை பார்ட்டி வண்டி பாக்க வராரு. இன்ஷூரன்ஸ் கையில இருந்தா பேச்சு சுலுவா முடிஞ்சிடும்."

பார்ட்டி என்றால் காரை வாங்கப் போகிறவர். விற்றுவிடலாம் என்று சொன்னது அவர் மனைவி காவேரி. வண்டி அவள் பேரில்தான் இருந்தது. பாலாற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவள் தலைமையாசிரியை. நாலு வருஷம் தானே ஓட்டிப் போய்வந்தாள். எட்டு மாதமாக இரண்டு பஸ் மாறிப் போகிறாள். வண்டி வீட்டு முகப்பில் உறை போட்டு நிற்கிறது. வேலாயுதத்துக்கு ஓட்டத் தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த மூன்றாம் நாள், "சார், நீங்க பக்கத்து சீட்ல நல்லா உக்கார்றீங்க" என்று வாத்தியார் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

காவேரி இப்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் ஒரு தாளைப் புரட்டி வைத்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு தை மாதத்துக் காலை. வேலாயுதத்தைக் கடையில் இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம் என்று வந்துகொண்டிருந்தாள். நெசவாளர் தெருவில் பாவு போட்டிருந்தார்கள். நாற்பது முழத்துக்குப் பட்டு நூலைத் தெருவின் நடுவே இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து அறுந்த இழையைத் தேடி முடிந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் பாவு கிடந்தால் பால் வண்டியும் நிற்கும், பிண ஊர்வலமும் நிற்கும். யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். காவேரியும் நிறுத்தினாள். கைப்பிரேக் போட்டாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், கண்ணாடியை இறக்கி, "இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்மா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்கவும் கேட்டாள். அப்போதுதான் பின்னாலிருந்து அந்த இடி. வெளியூர் வேன். டிக்கி உள்ளே போய்விட்டது, இடது பக்கத்து விளக்கு நொறுங்கிவிட்டது. வேன் டிரைவர் இறங்கிய வேகத்திலேயே, "நடு ரோட்ல எதுக்குமா நிறுத்தற? நூலுக்கெல்லாமா வண்டிய நிறுத்துவாங்க?" என்று கத்தினான்.

வேலாயுதமும் இறங்கினார். திருப்பிக் கத்தத்தான் இறங்கினார், அதற்கான இரண்டு வார்த்தைகளையும் தேடி வைத்திருந்தார். அதற்குள் வேன் ஜன்னலில் ஒரு அம்மாள் தலையை நீட்டி, "இங்க வேலாயுதம்னு ஒருத்தர் இருக்கற பட்டுக்கடை எதுப்பா?" என்றாள். சேலத்துக் கல்யாண வீடு. முகூர்த்தப் புடவைக்கு வருவதாக முந்தின நாள் போனில் பேசியவர்கள். அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம் முதுகை வளைத்துவிட்டது. சாயம் போனாலும், ஜரிகை உறுத்தினாலும், வாங்கியவரே காபியைக் கொட்டிக்கொண்டு வந்து நின்றாலும், கடையில் அவர் முதலில் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. அதைத்தான் அங்கேயும் சொன்னார். "தப்பு நம்ம மேலதாம்மா. புதுசா ஓட்றாங்க, மனசுல வெச்சுக்காதீங்க. வாங்க, நானே வழி காட்றேன்."

சொல்லிவிட்டு அந்த வேனிலேயே ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு நல்ல வியாபாரம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது காவேரி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் பாவுக்காரர்கள்தான் தண்ணீர் கொடுத்து, மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வாரமே சிட்டிபாபு, வேன் கதையெல்லாம் எழுதினால் போலீஸ், எதிராளி என்று இழுக்கும், "ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தது" என்று போட்டால் பத்து நாளில் வேலை முடிந்துவிடும் என்றான். வேலாயுதம்தான் அந்த க்ளெய்ம் பாரத்தை மேஜையில் வைத்துக் கையெழுத்து கேட்டார். அவள் இரண்டு தரம் படித்தாள். 'ஓட்டியவர்' என்ற இடத்தில் தன் பெயர் இருப்பதைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். மறுநாள் சாவியை அலமாரியில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அதற்கப்புறம் கம்பம் வளர்ந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்க, வேலாயுதம், "எங்க வீட்டம்மா வராங்கன்னு தெரிஞ்சதும் கம்பம் நகர்ந்து வழிவிடப் பாத்துது, பாவம், அதுக்குக் கால் இல்ல" என்றார். பந்தியே சிரித்தது. சிரிப்பு கேட்டால் அவருக்கு இரண்டு வாய் சாப்பாடு கூட இறங்கும். அடுத்த விசேஷத்தில் கம்பம் கும்பிட்டது. அதற்கடுத்ததில் மின்வாரியத்துக்கு மனு எழுதியது. சிரிக்கிறவர்கள் நடுவில் காவேரியும் உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். உற்றுப் பார்க்கவில்லை.

"இன்னாண்ணா யோசனை?" என்றான் சிட்டிபாபு. "அந்தக் கம்பத்த ஒரு தபா கேட்டுடலாமா, யாரு மேல தப்புன்னு?"

தன் வேடிக்கையை இன்னொருவன் வாயில் கேட்டபோது, அது கடையில் பலபேர் தொட்டுத் தொட்டு அழுக்கான புடவை மாதிரி இருந்தது. ஆனாலும் வேலாயுதத்தின் நாக்கு பதிலுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. அந்த நேரத்தில் மேஜைப் பக்கம் தாள் புரளும் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தார்.

"போடுங்க," என்றாள் காவேரி, தலையைத் தூக்காமல். "நம்ம மேலன்னே போடுங்க. ஊருக்கே தெரிஞ்சதுதானே."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். கோபக்காரர்களை உட்கார வைத்துக் கலர் சோடா கொடுத்து அனுப்பியது எத்தனையோ. அவள் அதை, வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளைக்குக் குறி போடுகிற மாதிரிச் சொன்னாள்.

வேலாயுதம் போனைப் பார்த்தார். இரண்டு சின்ன வட்டங்கள். ஒன்றைத் தொட்டால் புதன்கிழமை வண்டி போய்விடும், அவள் ரிட்டயர் ஆகிறவரை பஸ் படிக்கட்டில் ஏறி இறங்குவாள், பந்தியில் சொல்ல அவரிடம் ஒரு கம்பம் இருக்கும். அவர் மற்றதைத் தொட்டார்.

"வேன்காரன் மேல," என்றார்.

"எந்த வேன்?"

"உனக்குத் தெரியாதாப்பா? நம்ம வண்டி நின்னுக்கினு இருந்துது. பாவு போட்டிருந்தாங்க, நிறுத்தினா. பின்னால வந்தவன் இடிச்சான்."

சிட்டிபாபு காபி டம்ளரைக் கீழே வைத்தான். "அண்ணா, பழைய க்ளெய்ம்ல கம்பம்னு இருக்குது. இப்ப வேன்னு போட்டா அவன் ரெண்டையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பான். குடுத்த பணத்தத் திருப்பிக் கட்டுன்னுவான். பாலிசியே தர மாட்டேன்னாலும் சொல்லுவான். என்னயும் சேத்துல்ல மாட்டி வுடறீங்க? விக்கப்போற வண்டிக்கு எதுக்குண்ணா இதெல்லாம்?"

"உன் பேர எழுதலப்பா. கேட்டா நான்தான் சொல்லி எழுதுனதுன்னு சொல்லிடறேன்."

கீழே 'விவரம்' என்று ஒரு கட்டம் திறந்தது. நாள் முழுக்கப் பேசியே பிழைக்கிறவருக்கு அந்தச் சின்னக் கட்டத்தை நிரப்பக் கால் மணி நேரம் பிடித்தது. ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பிறகு வாசித்தார். "வண்டி நின்றுகொண்டிருந்தது. தெருவில் பாவு கிடந்தது. பின்னால் வந்த வேன் இடித்தது. ஓட்டியவர் மேல் தவறு இல்லை. முன்பு கம்பம் என்று எழுதியது பொய்."

முந்தானை விரிக்கும் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. கூடத்தில் இருந்தது யாரோ ஒரு வயசான ஆளின் குரல்.

காவேரி பேனாவை மூடினாள். "'புதுசா ஓட்றாங்க'ன்னு சொன்னது?"

"அத கம்பெனி கேக்கலயேம்மா."

"நான் கேக்கறேன்."

சிட்டிபாபு எழுந்து, மணிபிளான்ட் தொட்டியை ரொம்ப அக்கறையாகப் பார்க்கப் போய்விட்டான்.

"கஸ்டமர் மூஞ்சிய பாத்ததும் வாய் தானா…" என்று ஆரம்பித்தார். வாய் மேல் போடுவதும் கம்பத்தின் மேல் போடுவதும் ஒன்றுதான் என்று அவருக்கே பட்டது. நிறுத்தினார். "நான்தான் சொன்னேன். நாலு வருஷமா ஓட்றவள புதுசுன்னு சொன்னேன். உன்ன நடுத்தெருவுல வுட்டுட்டு அவங்க வண்டியில ஏறிப் போனேன்."

"பதினோரு புடவை வித்தீங்க," என்றாள் காவேரி.

"பன்னெண்டு," என்றார் வேலாயுதம், பழக்கதோஷத்தில். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். காவேரியின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா வேறு ஏதாவதா என்று இந்த முறை உற்றுப் பார்த்தார். தெரியவில்லை.

சிட்டிபாபு போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "நெனைச்சேன். இன்ஸ்பெக்‌ஷன் கேக்குது. வண்டிய வெளிச்சத்துக்கு எடுத்து, இன்ஜின் ஓடறப்ப நாலு பக்கமும் வீடியோ அனுப்பணுமாம். அதுக்கப்புறம்தான் தருவானா மாட்டானான்னே சொல்லுவான். டீச்சர், சாவி எங்க?"

உறையை எடுத்தார்கள். எட்டு மாதத்துத் தூசி மூவரையும் தும்ம வைத்தது. காவேரி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரு 'டிக்' சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பேட்டரி செத்திருந்தது.

"தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்," என்றான் சிட்டிபாபு. "நான் வீடியோ எடுக்கணும். அண்ணா, நீங்கதான்."

வேலாயுதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். தட்டிச் சரிசெய்து பெயின்ட் அடித்த டிக்கியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். உள்ளே நடுக்கண்ணாடியைக் காவேரி மெதுவாகத் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதில் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை முன்னால் இருந்த தெருவைப் பார்க்கவில்லை. பின்னால் எது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன.

"பின்னால யாரும் வரல காவேரி," என்றார். "நான்தான் நிக்கறேன்."

உள்ளே கியர் விழும் சத்தம் கேட்டது.

"நான் சொல்றப்ப தள்ளுங்க," என்றாள். பிறகு, "இப்ப."

தள்ளினார். முதலில் வீடே எதிர்த்துத் தள்ளுவதுபோல் இருந்தது. அப்புறம் சக்கரங்கள் மனமில்லாமல் உருண்டன. ஐம்பத்தாறு வயசு முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புகார் செய்தன. பத்தடி, இருபதடி. வண்டி ஒருமுறை உதறி இருமியது, நின்றுவிடும் போலிருந்தது, மறுபடி உதறிப் பிடித்துக்கொண்டது. கைகளுக்கு முன்னால் சட்டென்று கனம் இல்லாமல் போய், அவர் தடுமாறி இரண்டு எட்டு ஓடி நின்றார்.

"டீச்சர், மீட்டர் காட்டணும்! அங்கயே நிறுத்துங்க!" சிட்டிபாபு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். வண்டி நிற்கவில்லை. காலி மனைகளைத் தாண்டி, இஸ்திரி வண்டியைத் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்குப் போகும் பெரிய ரோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சிட்டிபாபு பாதியில் மூச்சிரைக்க நின்றுவிட்டான். வேலாயுதம் தள்ளும்போது கழன்றுபோன ஒரு கால் செருப்பைத் தேடாமல் விட்டுவிட்டு, நடக்கத் தொடங்கினார்.

தெருமுனையில் பிரேக் விளக்குகள் எரிந்தன. வலதுபக்கத்துப் பழையது மங்கலாக. இடதுபக்கத்துப் புதியது, பகல் வெளிச்சத்திலும், நல்ல சிவப்பாக.