முதலில் ஏன் வெளிச்சம்?

அடித்தள அறையில் ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே ஒரே ஒரு டியூப் லைட். மேசைக்கு அந்தப் பக்கம் போதகரும், சபைச் செயலாளரான வக்கீலும். இந்தப் பக்கம் பட்டாசும் அவள் அண்ணனும்.

பிறவியிலேயே காது கேட்காத தங்கைக்கு அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவன் அண்ணன்தான். கைகள் பேச ஆரம்பித்தால் பொரிந்து தள்ளிவிடுவாள். அவள் சைகையைப் பேச்சாக்குவதும், எதிராளியின் பேச்சைச் சைகையாக்குவதும் இன்று அவன் வேலை.

சபைப் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்கு வேத வகுப்பு எடுக்க ஆள் தேவை. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் காது கேட்பவர்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டதுதான் மிச்சம். இந்த வேலைக்காகவே மூன்று வருடம் படித்தவள் பட்டாசு. தேர்வுக்குக் கொடுத்த பகுதி, வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் ஐந்து வசனங்கள்.

வக்கீல் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "ஆதியிலேன்னு ஆரம்பிக்குது. சரி, அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

பட்டாசின் விரல்கள் பறந்தன: 'எழுதினவரே சொல்லல. இவருக்கு என்ன அவசரம்?'

அண்ணன் அதை மழுப்பினான். "அது வேதத்துல சொல்லப்படலைங்க சார்" என்றான் பவ்யமாக.

மேசைக்கடியில் அவன் முழங்காலில் ஓர் உதை விழுந்தது. அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பாதியை முழுங்காதே. நான் பேசுறத நீ திருத்த வேண்டாம்.'

வக்கீல் அடுத்த அம்பை எடுத்தார். "உலகத்தை ஆண்டவர் எதால உண்டாக்கினார்? வார்த்தையால. வெளிச்சம் உண்டாகட்டும்னு சொன்னார், உண்டாச்சு. ஒரு குரலைக்கூடக் கேட்டறியாத பொண்ணு, இதை எப்படிம்மா பிள்ளைங்களுக்கு விளக்கும்?"

இதைப் போய் அப்படியே சைகையில் சொல்வதா? அண்ணன் தயங்கினான். பட்டாசு விடவில்லை, கண்களால் மிரட்டினாள். ஒரு சொல் குறையாமல் சொன்னான்.

அவள் கோபப்படவில்லை. எழுந்தாள். சுவரோரம் போனாள். சுவிட்சைத் தட்டினாள்.

கும்மிருட்டு.

"என்னம்மா இது? ஏய், தம்பி, என்ன சொல்றா உன் தங்கச்சி?" என்று பதறினார் வக்கீல்.

அண்ணனுக்கு அவள் சட்டைக் கை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பேசிக்கொண்டிருக்கிறாள்! என்ன பேசுகிறாள் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. "தெரியலைங்க சார்... கை தெரிஞ்சாத்தானே."

விளக்கு எரிந்தது. பட்டாசு சிரித்தபடி நின்றாள். கைகள் ஓட, அண்ணனின் குரல் கூடவே ஓடியது:

"அதான் சார் இரண்டாவது வசனம். ஆழத்து மேல இருட்டு. தண்ணிக்கு மேல ஆவியானவர் அசைவாடிட்டு இருக்கார். அங்க அசைவு இருக்கு, ஆனா பார்க்க வழியில்ல. இருட்டுல நாங்க ஊமைங்க சார். வெளிச்சம் வந்தாத்தான் எங்களுக்குப் பேச்சே. ஆண்டவரும் முதல்ல அதைத்தான் வரவழைச்சார். வந்ததும் என்ன பண்ணார்? நல்லாருக்குன்னு கண்டார். கேட்டார்னு எழுதல."

"நில்லுங்க" என்று வக்கீல் விரலை உயர்த்தினார். "அவர் சொன்னது இருட்டுலதானே? அப்ப குரல்தானே முதல்ல?"

"குரலோ என்னவோ, கேட்க அங்க எந்தக் காது இருந்துச்சு சார்? உங்க காதும் இல்ல, என் காதும் இல்ல. அன்னிக்கு நாம எல்லாரும் ஒண்ணு."

இந்த முறை அண்ணன் ஒரு பருக்கையைக்கூட விழுங்கவில்லை. போதகர் முன்னால் சாய்ந்தார்.

வக்கீல் லேசில் மசிகிற ஆளா? "வெளிச்சம் அவ்வளவு ஒசத்தின்னா இருட்டை ஏன் ஒழிக்கல? இரவுன்னு பேர் வச்சு விட்டுட்டாரே?"

"பிள்ளைங்க தூங்க வேணாமா சார்? இருட்டு இல்லேன்னா ராத்திரி பூரா கையை ஆட்டிப் பேசிட்டே இருக்கும், வாலுங்க!"

போதகர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நாற்பது வருஷமா இந்த வசனத்தைப் பிரசங்கம் பண்றேன். இன்னிக்குத்தான் விளக்கை அணைச்சுப் படிச்சேன். எனக்குச் சம்மதம். வக்கீல் சார், நீங்க?"

வக்கீல் வேலை நியமனத் தாளில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். "திங்கள்லேர்ந்து வரட்டும். மாடிப்படிக்குக் கீழ வகுப்பு இருக்கு."

பட்டாசு தாளைத் தொடவில்லை.

"அந்தப் பொந்துல எடுக்க மாட்டேன் சார்" என்றான் அண்ணன் அவளுக்காக, கொஞ்சமும் தயங்காமல். "என் கையும் பிள்ளைங்க கையும் தெரியணும். ஜன்னல் வச்ச ரூம் வேணும்."

"இந்தக் கட்டடத்துல பெரிய ஜன்னல் இருக்கிறது என் ரூம் ஒண்ணுலதான்!" என்றார் வக்கீல்.

போதகர் வக்கீலையே பார்த்தார். பட்டாசும் பார்த்தாள்.

வக்கீல் பையில் கைவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். ஒரு சாவியை மட்டும் கழற்றி மேசையில் வைத்தார்.

"சனிக்கிழமைக்குள்ள ஃபைலை எல்லாம் எடுத்துடறேன்" என்று முணுமுணுத்தார். "அந்த ஃபேன் கொஞ்சம் கிறீச்சிடும். உங்களுக்கு அது ஒண்ணும் தொந்தரவு இல்ல."