ஜன்னலில் வைத்த அட்டை

ஏணியில் மூன்றாம் படியைத் தாண்டினால் போதும், தர்மாவின் இடுப்பில் யாரோ கத்தியைச் சொருகித் திருகுவது போலிருக்கும். பதினைந்து வயதில் ரப்பர் தோட்டத்தில் பால் வாளி சுமந்தபோது பிடித்த வலி. ஐம்பத்தெட்டாகியும் விட்டபாடில்லை.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ராக்காயி. மலேசியாவின் ஈப்போ நகரத்தில் கண்காட்சி நடக்கவிருந்த பழைய கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவள். ஒரு காலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அவனுக்கு அடுத்த வீட்டுக்காரி.

கண்காட்சி வேல்ஸ் என்ற நாட்டைப் பற்றியது. இங்கே பேராக் மாநிலத்திலிருந்து கப்பலேறிய வெள்ளீயத்தை அங்கே இரும்புத் தகட்டில் பூசினார்களாம். அந்த உறவை வைத்து, 1901ஆம் ஆண்டில் அந்த நாடு எப்படி இருந்தது என்று ஓர் அறை முழுக்கப் படங்கள். தேவாலயத்தில் கூட்டம், தொப்பி போட்ட பாட்டுக் கோஷ்டி, கல் உடைக்கிறவர்கள். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவர் மாதுமை டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பென்ஷன் வாங்கியும் சும்மா இருக்கத் தெரியாதவர். படம் மாட்டவும் பெயர் எழுதவும் தர்மாவைக் கூப்பிட்டிருந்தார்.

மாட்டி முடித்ததும் ஒரு மர ஜன்னலையும் வெள்ளை அட்டையையும் அவனிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். வேல்ஸில் கூரைக்குப் போடும் கற்பலகை வெட்டுகிற ஒரு குவாரி. ஏறக்குறைய மூவாயிரம் பேர் வேலைநிறுத்தம். மாதக்கணக்கில் பட்டினி. பாட்டுக் கோஷ்டிகள் ஊர் ஊராகப் பாடிக் காசு சேர்த்து அனுப்பின. அந்த ஆண்டு நடுவில் சில நூறு பேர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். திரும்பாதவர்கள் வீட்டு ஜன்னலில் ஓர் அட்டை வைத்தார்கள். எந்த ஜன்னலில் அட்டை காணாமல் போகிறதோ, அந்த வீட்டோடு தெருவே பேச்சை நிறுத்தியது.

"அதைத் தமிழில வடிவா எழுதித் தாரும், தர்மா," என்றார் டீச்சர். "இந்த வீட்டில் துரோகி இல்லை."

'இந்த வீட்டில்' வரைக்கும் தூரிகை ஒழுங்காக ஓடியது.

தோட்டம் விற்கப்பட்ட வருஷம் லயத்து வரிசை வீடுகளில் இருந்தது நாற்பது குடும்பம். தனி வீடு தரும்வரை யாரும் காலி செய்யும் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவாயிற்று. முனியாண்டி கோயிலில் வீட்டுக்கு ஒருவர் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ராக்காயியின் புருஷன் சன்னாசி அணைத்தான். தர்மாவும் அணைத்தான்.

பத்தாம் நாள் சாயங்காலம், மழையில், தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வந்தார். முதலில் போடுகிறவருக்கு அடுக்குமாடியில் தரைத்தளம் என்றார். தர்மாவின் இடுப்பு அப்போதே படியேற மறுத்துக்கொண்டிருந்தது. "வண்டிய எங்க வாசல்ல விடாதீங்க, அந்தப் பக்கம் விட்டுட்டு வாங்க," என்றான். அந்தப் பக்கம் என்பது சன்னாசி வாசல்.

மறுநாள் யாரோ ஒருத்தன் போட்டுவிட்டான் என்ற செய்தி பரவியது. கிராணியின் மோட்டார் சைக்கிள் எங்கே நின்றது என்பதைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். சன்னாசியைக் கோயிலுக்கு இழுத்துப் போய் மறுபடி சூடம் அணைக்கச் சொன்னார்கள். அவன் மாட்டேன் என்றான். "சாமி முன்னாடி ஒரு தடவ சொன்னது பத்தாதா? ரெண்டாவது தடவ அணைச்சா மொதத் தடவ பொய்யின்னு நானே சொன்ன மாதிரி." கூட்டத்துக்கு அது போதுமாயிருந்தது. ஒரு வாரத்தில் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாய்ப் போய்க் கையெழுத்துப் போட்டன. தனி வீடு யாருக்கும் வரவில்லை. எல்லாருக்கும் கடைசியாகப் போட்ட சன்னாசிக்கு ஐந்தாம் மாடி கிடைத்தது. வேண்டுமென்றே கடைசியாகப் போட்டு நாடகம் ஆடுகிறான் என்றார்கள்.

மூன்று வருஷத்தில் சன்னாசி செத்தான். எழவுக்குத் தோட்டத்து ஆள் எவனும் வரவில்லை. தர்மா மட்டும் போனான். போகாமல் இருக்க முடியவில்லை.

அட்டையை ஜன்னலில் செருகிவிட்டு அவன் விலகி நின்றான். ராக்காயி துடைப்பத்தைச் சாய்த்து வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். டீச்சர் சொன்ன கதையை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"வெள்ளக்காரனுக்கும் இதே பொழப்புதான் லா," என்றாள். "நம்ம லயத்துல இப்படி வச்சிருந்தா எங்க வீட்டு அட்டையத்தான் மொதல்ல கிழிச்சிருப்பானுங்க."

தர்மா தூரிகையைத் துணியில் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

"அவரு போட்டாரா இல்லையான்னு நானே கேட்டுட்டேன் தம்பி, சாகறதுக்கு மொத நாளு. என்னைப் பாத்தாரு, அவ்வளவுதான்." முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "எவனும் வரல. நீ ஒருத்தன்தான் வந்து தோள் குடுத்த. அத நான் மறக்கல."

டீச்சர் வாசலில் வேனுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தர்மாவுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தான்.

"ஏணிய எடுத்துரலாமாக்கா?"

அவள் எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்தாள். "பாத்துத் தூக்குப்பா, ஒனக்கு இடுப்பு ஆவாது," என்றாள்.

இருபத்தைந்து வருஷமாகத் தரைத்தளத்தில் இருக்கிறவன், ஐந்து மாடி ஏறி இறங்குகிற அந்தப் பொம்பளைக்கு ஒரு பேச்சு பாக்கி வைத்திருக்கிறான்: சன்னாசி போடலக்கா, மொதக் கையெழுத்து என்னுது.