சாட்சி வைக்காத ஜோடி

ஓடுகிற ரயிலில் உட்கார்ந்துகொண்டு, எதிர்த்திசையில் பறந்த ரயிலின் ஜன்னலில் தன் மனைவியைப் பார்த்ததாகவும், அந்த ஒரு கணத்தில் அவள் காதோரத்து நரைமுடியை எண்ணி முடித்துவிட்டதாகவும் ரெட்டைக்காரர் சொன்னார். கேட்டவர்கள் பெரிய மனசு பண்ணித் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் நம்பவில்லை. அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லப்பட்டவள்.

ரெட்டைக்காரர் என்பது ஆபீஸ் வைத்த பெயர். ஓய்வு பெறும்வரை ஒரு வங்கியின் சர்வர் அறையைக் கட்டி ஆண்டவர். ஒரு சர்வர் படுத்துவிட்டால் இன்னொன்று கண்மூடித் திறப்பதற்குள் வேலையை ஏற்றுக்கொள்ளும்படி எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாக அமைப்பது அவர் தொழில். உலகமே முழுகினாலும் என் சர்வர் கொட்டாவிகூட விடாது என்பார். அந்த ஜோடிகள் ஒன்றுக்கொன்று ஓயாமல் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கு ஹார்ட்பீட் என்று பெயர். அது நின்றால் மற்றது போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணக்கு.

மகளுக்குக் குழந்தை பிறந்து மனைவி உதவிக்குக் கிளம்பியபோது, அவர் குடும்பத்தையும் அப்படியே கான்ஃபிகர் செய்தார். மகள் வீடு ஒற்றை அறை. அவர் போனால் நிற்கத்தான் இடமிருக்கும். ஆகவே தினமும் காலையில் அவள் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், பதிலுக்கு அவர் ஒன்று. பேசினால் என்ன குறைந்துவிடும் என்று அவள் கேட்டாள். ஹார்ட்பீட்டில் பேச்சு கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

சொன்னதற்கு நன்றாக அனுபவித்தார். மணி ஒரு தரம் அடித்து ஓய்ந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருப்பார். ஆள் படுக்காத தலையணையைத் தட்டித் தட்டி உப்ப வைப்பார். இரண்டு டம்ளரில் காபி ஊற்றி இரண்டையும் தானே குடிப்பார். மாற்றுக்கு நிற்கிற ஸ்டாண்ட்பை சும்மா கிடக்கக் கூடாதாம்.

ஒரு நாள் காலை மணி அடிக்கவில்லை. மகள் ஊரில் சாலை தோண்டியவர்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டியிருந்தார்கள். ஊரே ஊமையாகிவிட்டது இவருக்கு எப்படித் தெரியும்? மகளுடைய போனும் கிடைக்கவில்லை. மறுநாளும் அதே கதை. விழுந்தடித்துக்கொண்டு ரயிலேறினார். வழியில்தான் அந்த ஜன்னல்.

கதவைத் திறந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“உங்க மிஸ்டு கால் வரலைன்னு அம்மா விடியறப்பவே கிளம்பிட்டாங்கப்பா.”

ரெட்டைக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இதற்கும் ஒரு பெயர் உண்டு, ஸ்ப்ளிட் பிரெயின். நடுவிலுள்ள இணைப்பு அறுந்ததும், மற்றது செத்துவிட்டது என்று நம்பி இரண்டு சர்வரும் ஒரே சமயத்தில் பொறுப்பேற்கப் பாயும். அதைத் தடுக்கத்தான் விட்னஸ் என்று மூன்றாவதாக ஒரு மெஷினைச் சாட்சிக்கு வைப்பார்கள். அதைக் கேட்காமல் யாரும் அசையக் கூடாது. சாட்சி வைக்காதவனுக்கு ஜோடி எதற்கு என்று ஆபீஸ் முழுக்க ஓதியவர், சொந்த ஜோடிக்கு வைக்க மறந்திருந்தார்.

மகள் அந்த உத்தியோகத்தைத் தானே ஏற்றுக்கொண்டாள். சாயங்காலம் லைன் உயிர் பெற்றதும் இரண்டு பக்கமும் உத்தரவு பறந்தது: அப்பா அசையக் கூடாது, அம்மா திரும்பி வர வேண்டும்.

வந்தவள் பையைக் கீழே வைக்கும் முன்பே, கேஸை மூடினாரா என்று பார்க்கத்தான் போனேன் என்றாள். அவருக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. அப்படியானால் ஏங்கிக் கிடந்தது தான் மட்டும்தானா? ரயிலில் பார்த்த முகம் அடுப்பைத் தேடிப் போகிற முகமாக இல்லை. அதை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஜன்னலில் பார்த்த கதையைப் பக்கத்து வீட்டில் சொன்னார், மாடி வீட்டில் சொன்னார், தொட்டிலில் கிடந்த பேத்தியிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல ரயிலின் வேகம் ஏறிக்கொண்டே போனது.

“அந்த வேகத்துல மலையே தெரியாது, மனுஷி தெரிவாளா? வேற யாரையோ பாத்துட்டு வந்து அளக்கறீங்க.”

“வேற யாரையும் பாக்கத் தெரியாதே எனக்கு.”

குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, கண்ணாடியில மூக்கை நசுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. சங்கிலியை இழுத்துடலாம்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள போயிட்டீங்க.”