பத்து விநாடிப் பாட்டு

மண் மூட்டை சுமந்த தோள் விண்விண்ணென்று தெறித்தாலும் ஆன்றோவுக்கு உற்சாகம்தான். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் ஆளுக்கு ஒரு பாட்டு போடுவது வழக்கம். அப்போது அவன் முறை. புதுச்சேரியில் வாங்கிய, கிரைண்ட்கோர் என்னும் அதிவேக இரைச்சல் ராக் இசை சிடியைப் போட்டான். தகரக் கூரையே அதிர்ந்தது. பத்தே விநாடியில் பாட்டு முடிந்துவிட்டது.

"இன்னா தம்பி, மண்ணு அரைக்கிற மில்லு மாதிரி இருக்குது?" என்றாள் பொம்மைக்கு வண்ணம் பூசும் நீலாவதி.

"இங்கிலாந்துல பர்மிங்காம்னு ஒரு ஃபேக்டரி ஊரு, அக்கா. அங்க எம்பதுகள்ல பசங்க ஆரம்பிச்சது."

"அவங்களுக்கும் தோள்வலி போல. சரி, அடுத்தது என் பாட்டு."

"உங்க பாட்டு அஞ்சு நிமிஷம் ஓடுமே! அதுக்கு ஈடா எனக்கு இன்னும் இருபத்தொம்பது பாட்டு வரணும்."

பட்டறையே சிரித்தது. நீலாவதி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து, "ஞாயம்தான், போடு" என்றாள். உணவு மணி அடிப்பதற்குள் ஒன்பது ஓடின. பட்டறை ஆன்றோவுக்கு இன்னும் இருபது பாட்டு பாக்கி.