ஜெஸ்னாவுக்கு ஆபரேஷன் இல்லை

காலை எட்டு பத்து. பாறசாலை டிரைவிங் டெஸ்ட் மைதானத்தில் ஜெஸ்னாவின் வலது கால் நடுங்க ஆரம்பித்தது.

நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே காரை எச் எழுத்து வடிவில் ஓட்டிக் காட்டியாகிவிட்டது. ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. எச் அவளுக்குத் தோசை திருப்புவது மாதிரி. இனிமேல்தான் ஆபத்து. ரோடு டெஸ்ட்.

இரண்டு தடவை அதில் தோற்றிருக்கிறாள், இரண்டு தடவையும் ஒரே இடத்தில். உதியன்குளங்கரைக்கு முன்னால் வருகிற வளைவு. நான்கு மாதம் முன்பு அங்கேதான் ரொட்டி வேனை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் வினீத் ஸ்டியரிங் மேல் சரிந்தான். பக்கவாதம். பக்கத்து சீட்டில் ஜெஸ்னா. வளைவைக் கண்டாலே அவள் கால் பிரேக்கில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை வினீத்தின் நண்பன் ஒருவன் வேனை ஓட்டிக் கொடுத்தான். அவன் ஞாயிறன்று துபாய்க்குப் பறக்கிறான். பேக்கரி முதலாளி சதாசிவன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை வண்டி ஓட்ட லைசன்ஸுள்ள ஆள் வேணும். இல்லேன்னா குன்னத்துகால் கடைகளுக்கு ரொட்டி போடுறத வேற ஆளுக்குக் குடுத்திருவேன். வருத்தப்படாத."

வீட்டின் ஒரே வருமானம் அது. இன்று வியாழன்.

"ஜெஸ்னா! ஏட்டி, அந்தா நிக்கா!"

திரும்பிப் பார்த்தாள். சர்ரென்று வந்து நின்ற ஆட்டோவிலிருந்து சபையின் பெண்கள் சங்கச் செயலாளர் சரோஜம் குதித்தாள். பின்னாலேயே புஷ்பபாய். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பை ஆரஞ்சு, ஃபிளாஸ்க்.

ஜெஸ்னாவுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. "அக்கா... நீங்க இங்க?"

"நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரில மூணு வார்டும் கேறி எறங்கினோம், மக்கா. ஒன்னக் காணல்ல. பொறவு வினீத்துக்கு போன் போட்டப்பத்தான் அவன் சிரிக்கியான். ஒனக்கு ஆப்பரேசன்னுல்லா நெனச்சோம்!"

"ஆப்பரேசனா? நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல்ல. அதுதான் காரணம்" என்றாள் புஷ்பபாய்.

அவர்கள் சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒரு வழக்கம். ஒருவருக்குக் கஷ்டம் என்றால் விடியற்காலையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவராக, ஆளுக்கு அரைமணி முழங்காலில் நிற்பார்கள். மறுபடியும் தோற்றால் ஊர் சிரிக்குமே என்று பயந்து, ஜெஸ்னா பொதுவாகச் சொல்லி வைத்திருந்தாள்: "வியாழக்கிழமை காலைல எனக்கொரு காரியம் உண்டு. ஜெபிக்கணும்." காரியத்தைச் சொல்லாமல் ஜெபம் கேட்டால் அந்தச் சபையில் ஒரே அர்த்தம்தான். கத்தி.

"டாக்டருக்க கை நடுங்கப்பிடாதுன்னு நாலரைலேருந்து அஞ்சு மணி வரை நானாக்கும் முட்டுல நின்னது" என்று புஷ்பபாய் முழங்காலைத் தடவினாள். "அஞ்சரைக்கு எனக்க மாப்பிள்ளை. அவரு மயக்க மருந்துக்கு ஜெபிச்சாரு."

ஜெஸ்னாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிக்கும்போதே கண் கலங்கியது.

"அக்கா, நடுங்குறது டாக்டருக்க கை இல்ல. எனக்க கால். பயத்த எடுத்துரும் ஆண்டவரேன்னு நாலு மாசமா கேக்கியேன். எடுக்கவே இல்ல."

சரோஜம் ஜெஸ்னாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். "சங்கிலி முடியல்ல பிள்ளே. நீ போ. நாங்க இங்கதான் நிப்போம்."

"ஜெஸ்னா வினீத்!"

இன்ஸ்பெக்டர் கருணாகரன் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் மீசைகூடச் சிரிக்காது. "போட்டே" என்று மலையாளத்தில் கிளம்பச் சொன்னார்.

கிளட்ச். முதல் கியர். கார் ரோட்டுக்கு ஏறியது. இரண்டாவது. மூன்றாவது.

வளைவு தெரிந்தது.

வலது கால் வெடவெடத்தது. பிரேக்கை நோக்கி நகர்ந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டது. இன்ஸ்பெக்டரின் பேனா மார்க் ஷீட்டைத் தொட்டது.

ஜெஸ்னா இந்தத் தடவை பயத்தை எடுக்கும்படி கேட்கவில்லை. வாய்விட்டே சொன்னாள். "ஆண்டவரே, பயம் இருந்துட்டுப் போவட்டும். அவங்க டாக்டருக்க கைக்குக் கேட்டத எனக்க காலுக்குத் தாரும். அந்த மைல்கல் வரைக்கும் போதும். நீரும் கூட வாரும்."

"ஆரோடாணு சம்சாரம்?" யாரிடம் பேசுகிறாள் என்று கருணாகரன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"கர்த்தரோட, சார்."

அவர் பேனாவால் ரோட்டைக் காட்டினார். "கண்ணு துறந்நு பிரார்த்திச்சோ" என்றார்.

ஜெஸ்னா கண்ணை அகலத் திறந்து ரோட்டைப் பார்த்தாள். கியரைக் குறைத்தாள். ஸ்டியரிங்கை ஒடித்தாள். பிரேக்கின் பக்கம் போன கால் திரும்பி வந்து ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தியது. வினீத் சரிந்த இடம் இடப்பக்கமாக வந்தது, கடந்தது. மைல்கல்லும் போயிற்று. கால் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அடுத்த மைல்கல் வரைக்கும்" என்று முணுமுணுத்தாள்.

"மதி, திரிக்கு" என்றார் கருணாகரன். போதும், வண்டியைத் திருப்பு என்கிறார். பேனா ஷீட்டில் ஓடியது. "பாஸ்."

மைதானத்தில் இறங்கியதும் ஜெஸ்னா போனை எடுத்தாள். ஓடி வந்த சரோஜத்துக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, மறுமுனையில் மூச்சைப் பிடித்துக் காத்திருந்த வினீத்திடம் சொன்னாள்:

"கேட்டியளா? சதாசிவன் அண்ணனுக்கு விளிச்சுச் சொல்லுங்க. திங்கக்கிழமை ரொட்டி கொண்டு போறது நானாக்கும்."