மாரிபெல்லின் சிபாரிசுப் படிவம்

கோரி ஷ்ரோடர் என்னிடம்தான் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம் படித்தான். கமா எங்கே போடுவது என்று அவனோடு ஒரு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது அவன் அடுத்த அறையில் கல்லூரிப் பாடம் நடத்துகிறான். முதுகலைப் பட்டம் இருந்தால்தான் அதை நடத்தலாமாம். இதே கான்சாஸ் பள்ளியில் இருபத்தாறு வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய எனக்கு அது இல்லை.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் அவனிடம் போனவரைப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இங்கே தேறிவிட்டால் கல்லூரியில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டாம், நல்லதுதானே. இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு என்னுடையது. அவர்கள் சேர என் சிபாரிசு வேண்டுமாம், அந்த மட்டும் மரியாதை.

ஜனவரி வகுப்பில் ஒரே ஓர் இடம் பாக்கி. மாரிபெல் ஓச்சோவா கேட்டிருந்தாள். இறைச்சி ஆலைத் தொழிலாளியின் மகள். அவள் எழுதுவதை நான் இரண்டு முறை படிப்பேன், திருத்த அல்ல, ஆசைக்கு. படிவம் ஒன்பது நாளாக என் மேஜை டிராயரில் கிடந்தது.

படிவம் கொடுக்கக் கடைசி நாள் காலையில் வந்து நின்றாள்.

"மிஸ், ஃபார்ம் குடுத்துட்டீங்களா?"

"என்ன அவசரம்? என் கிளாஸ் போரடிக்குதா?"

"அப்படி இல்ல மிஸ். ஆனா மிஸ்டர் ஷ்ரோடர் பாடம் நடத்துறத தினமும் கதவுக்கு வெளிய நின்னு கேக்குறேன். உள்ள உக்காந்து கேக்கணும்னு இருக்கு."

தினமும்! என் வயிறு பற்றி எரிந்தது. அவள் போனதும் 'இன்னும் தயாராகவில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டு, ஆலோசகர் ஜோலினிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பதினாலு வயதுக்கு இதெல்லாம் அதிகம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மதியம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும், தொட்டுக்கொள்ள இனிப்பு சினமன் ரோலும். கோரி தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று தயாரானேன். சண்டைக்கு வந்திருந்தால் ஜெயித்திருப்பேன்.

"மாரிபெல் ஃபார்ம பாத்தேன் மிஸ். எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் ஒன்பதாவதுல மேல் கிளாஸ் கேட்டப்ப என்னையும் ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னீங்க. வீட்ல போய் உங்கள அவ்ளோ திட்டினேன். நீங்க சொன்னதுதான் சரின்னு பின்னாடிதான் புரிஞ்சுது." ரோலைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்தான். "அந்த இடத்துக்கு இனி வேற யாரையாவது பாக்கணும்."

என் ரோலைக் கடிக்காமல் தட்டிலேயே வைத்தேன். பாவி, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா?

வகுப்பில் சேர்பவர்கள் பட்டியல் மூன்று மணிக்குக் கல்லூரிக்குப் போகும். இரண்டரைக்கு ஜோலின் முன்னால் நின்று படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். மாற்றினால் காரணம் எழுத வேண்டும், கல்லூரியில் கேட்பார்கள் என்றாள். தவறுதலாக டிக் விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கலாம். பேனாவை எடுத்தபோது அதைத்தான் எழுத நினைத்தேன்.

'மாணவி தயார். ஆசிரியைக்குப் பொறாமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜோலின் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "டார்லா, இத அப்படியே அனுப்பவா?"

"அனுப்பு. கோரிக்கும் ஒரு காப்பி குடு."